துப்பாக்கி வாங்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கொஞ்சம் பொறு. தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸுக்கு வேலை மாறி வந்தவனுக்கு, அக்டோபர் பிறந்ததும் அலுவலகமே ஃபெசன்ட் பறவை வேட்டைக்குக் கிளம்புவதைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் நீ எச்-1பி விசாவில் இருக்கிறாய். அமெரிக்க மத்தியச் சட்டப்படி, குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. சட்டம் விட்டிருக்கும் சில வழிகளில் ஒன்று, இந்த நாட்டில் முறைப்படி வாங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். அதனால் முதலில் உரிமம், அப்புறம்தான் துப்பாக்கியில் கை. நண்பனுடையதை ஒரு நிமிடம் வாங்கிப் பார்க்கிறேன் என்பதும் வேண்டாம். விசா வேலையைப் பார்க்கும் வழக்கறிஞரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு உன் வயதுக்குக் கட்டாயமில்லை என்று யாராவது சொன்னாலும் போய் உட்கார்.

ஊரில் கவுதாரிக்குக் கண்ணி வைத்த கதையைத் தாத்தா சொல்லிக் கேட்டிருப்பாய். 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கே அது குற்றம். இங்கே அரசாங்கமே சீட்டுக் கொடுத்து அனுப்புவது முதலில் உறுத்தும். உறுத்தினால் நல்லதுதான். ஆனால் இதன் பின்னால் இருக்கும் கணக்கையும் தெரிந்துகொள்.

ஃபெசன்ட் இந்த மண்ணின் பறவை அல்ல. நம் காட்டுக்கோழிக்கும் மயிலுக்கும் சொந்தக்காரன், ஆசியாவிலிருந்து வந்தவன். ஷாங்காயில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த ஓவன் டென்னி 1880-களின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து ஆரெகனுக்கு அனுப்பிய பறவைகள் அங்கே நிலைத்தன. தெற்கு டகோட்டாவில் ரெட்ஃபீல்ட் ஊரைச் சுற்றியுள்ள ஸ்பிங்க் கவுண்டியில் விட்டவை பெருகி, 1919 அக்டோபர் 30-ஆம் தேதி, ஒரே ஒரு நாள், முதல் வேட்டைக்கு அனுமதி கிடைத்தது. 1943-இல் அதுவே மாநிலப் பறவை ஆனது. நல்ல வருடங்களில் இந்த ஒரு மாநிலத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் சேவல்கள் விழுகின்றன. அப்படியும் இனம் அழியவில்லை. ஏனென்றால் சுடுவது சேவலை மட்டும்தான். ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும். சேவல் குறைவதால் அடுத்த வருடக் கூடுகள் குறைவதில்லை. குறைப்பது கலப்பை. பெட்டை தரையில், புல்லுக்குள் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முதல் சில வாரங்கள் பூச்சி தின்று வளர்கின்றன. 1985-இல் வந்த நிலப் பாதுகாப்புத் திட்டத்தில், உழாமல் புல் வளர்க்கும் விவசாயிக்கு அரசு வாடகை கொடுத்தது, பறவை பெருகியது. 2007-க்குப் பிறகு மக்காச்சோள விலை ஏறியபோது அந்தப் புல்வெளிகள் ஏராளமாக மறுபடி உழவுக்குப் போயின, பறவையும் குறைந்தது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் நீ கொடுக்கும் விலையில், 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வனவுயிர்ப் பணிகளுக்கான வரியும் சேர்ந்திருக்கிறது.

ஆகவே நீ முதலில் படிக்க வேண்டியது புல்லை. செப்டம்பரிலேயே வெறுங்கையோடு போய் நட. மாநிலத்தின் வேட்டை வரைபடத்தில் 'வாக்-இன்' நிலங்கள் இருக்கும். தனியார் நிலம்தான், ஆனால் நடந்துபோய் வேட்டையாட அரசு குத்தகைக்கு எடுத்தது. எந்த நேரத்தில் பறவை எங்கே இருக்கிறது என்று பார். காலையில் அது அறுவடை முடிந்த மக்காச்சோளக் காட்டில் மேயும். நடுப்பகலில் களை மண்டிய ஓரங்களில் ஒதுங்கும். பொழுது சாய்வதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் அடைவதற்குப் புல்லுக்குத் திரும்பும். என்னைக் கேட்டால் நாளின் மிகச் சிறந்த நேரம் அதுதான். ஆனால் அதற்குள் பாதிப்பேர் களைத்துப்போய்க் காரில் ஏறியிருப்பார்கள். டிசம்பரில் பனி விழுந்துவிட்டால் எல்லாம் சம்பங்கோரைக்குள் போய்ப் புகுந்துகொள்ளும். அங்கே நடப்பதற்குத் தனி முழங்கால் வேண்டும்.

வேட்டைக் காலம் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை தொடங்குகிறது. காலை பத்து மணியிலிருந்து சூரியன் மறையும்வரை. ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று சேவல். விதிகள் மாறக்கூடியவை, ஒவ்வொரு வருடமும் கையேட்டைப் பார்த்துக்கொள். முதல் நாள் கூட்டத்தில் போய்ச் சேராதே. ஒரு வாரம் கழித்து, நாய் வைத்திருக்கும் யாராவது ஒரு பெரியவரோடு போ. நாயை நீ இப்போது வாங்காதே. துப்பாக்கி மூலையில் கிடக்கும், நாய் கிடக்காது.

நாய் இல்லாமல் போவதானால் சின்ன இடமாகப் பார்: ஓடைக்கரை, வாய்க்கால் ஓரம், மரவரிசை. காற்றை எதிர்கொண்டு நட. கார்க் கதவை அறையாதே. இந்தப் பறவைக்கு முதல் புத்தி ஓடுவது. பறப்பது வேறு வழியில்லாதபோதுதான். நீ ஒரே சீராக நடந்தால் அது உனக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும், அல்லது நீ தாண்டிப் போகட்டும் என்று பதுங்கிக் கிடக்கும். அதனால் வளைந்து வளைந்து நட. இருபது அடிக்கு ஒருமுறை நின்றுவிடு. பதுங்கிய சேவலுக்கு அந்த நிசப்தம் பொறுக்காது. புல் முடியும் இடத்தில் இன்னும் கூடுதலாக நில். ஓடி வந்ததெல்லாம் அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கும்.

எழும்பும்போது உன் காலடியில் பட்டாசுச் சரம் வெடித்ததுபோல் இறக்கை படபடக்கும், கூடவே கரகரத்த ஒரு கத்தல். கத்தினால் சேவல். கழுத்தில் வெள்ளை வளையம், செம்பு நிற மார்பு, நீண்ட வால். பெட்டை வெறும் பழுப்பு. சூரியன் எதிரே இருந்தால் இரண்டும் கறுப்பு நிழல்தான். அப்போது விசையைத் தொடாதே. தொடக்கக்காரன் தவறவிடுவது பெரும்பாலும் பின்பக்கமாகத்தான். பறவையின் நீளத்தில் பாதி வால். கண் மொத்தப் பறவையின் நடுவை நாடும், ரவை வாலைத் தாண்டிப் போய்விடும். அந்த வெள்ளை வளையத்தை மட்டும் பார்.

பறவைக்குக் கீழே வானம் தெரிந்தால் மட்டுமே சுடு. தாழப் பறப்பதற்குப் பின்னால் நாய் துள்ளும், வயலின் மறுமுனையில் மறித்து நிற்கும் ஆள் இருப்பான். பளிச்சென்ற ஆரஞ்சு மேற்சட்டையும் தொப்பியும் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் போடு. வேலி தாண்டும்போது தோட்டாவை எடுத்துவிடு, ஒவ்வொரு வேலியிலும்.

இனி துப்பாக்கி. 12 போர் அல்லது 20 போர், எதுவானாலும் சரி. தோளில் பொருந்தி, கன்னம் கட்டையில் பட்டதும் கண் குழலின் மேல் நேராக ஓட வேண்டும். பழைய பம்ப் துப்பாக்கி ஒன்று போதும். குழல் முனைக்கு 'இம்ப்ரூவ்டு சிலிண்டர்' சோக், அதாவது லேசான குறுக்கம். பொது நிலங்கள் பலவற்றில் ஈய ரவை கூடாது. எஃகு ரவையே வாங்கு. அதற்குமுன் கோடையில் களிமண் தட்டு சுடும் மைதானத்துக்குப் போய்ப் பெட்டி பெட்டியாகச் சுட்டுப் பழகு. முப்பது கஜத்துக்கு மேல் உள்ள பறவையை இந்த வருடம் விட்டுவிடு. காயத்தோடு ஓடும் சேவலை நாய் இல்லாமல் கண்டுபிடிப்பது லேசில்லை.

விழுந்த இடத்தில் ஒரு செடியைக் குறித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் நேரே நட. பறவை அங்கே இல்லையென்றால் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அதைச் சுற்றி வட்டமாகத் தேடு. அது கிடைக்கும்வரை அடுத்ததற்குப் போகாதே.

எடுத்துப் போகும்போது தலையோ, இறகோடு கூடிய ஓர் இறக்கையோ, ஒரு காலோ உடலோடு இருக்கட்டும். சேவல்தான் என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டும். குதிமுள் குட்டையாக மழுங்கி இருந்தால் இந்த வருடத்துக் குஞ்சு, கறி இளசு. குடலை அங்கேயே எடுத்துச் சூடு ஆறவிடு. நெஞ்சுக்கறியில் கொழுப்பே இல்லை. மிளகு வறுவலாகச் சட்டென்று இறக்கிவிடு, இல்லையென்றால் நார் நாராகிவிடும். காலில் குச்சி குச்சியாக விறைத்த நரம்புகள் இருக்கும். கால்களைத் தனியே குழம்பில் போட்டு ஒன்றரை மணி நேரமாவது கொதிக்கவிட்டால் கறி கழன்றுவரும், நரம்பை உருவிப் போடலாம். துண்டு போடும்போது ஒவ்வொரு துண்டையும் விரலால் அழுத்திப் பார். எஃகு ரவை பல்லில் பட்டால் உடைவது ரவையாக இருக்காது.

அன்புடன்,
அண்ணன்