நகோயா நகரத்துக் குப்பையும் உள்ளான் பறவைகளும்

ஜப்பான் நாட்டின் பெரிய நகரங்களுள் ஒன்று நகோயா. 20 லட்சத்திற்கும் அதிகமான மக்கள் வாழும் துறைமுகப் பட்டணம். தொழிற்சாலைகள் மலிந்த அந்நகரம், ஒரு காலத்தில் தன் வீட்டுக் குப்பையைப் போட இடமின்றித் திகைத்து நின்றது என்றால் நம்புவீர்களா தோழியரே? 1998-ஆம் ஆண்டில் அந்நகரம் வெளியேற்றிய குப்பை ஏறத்தாழ 10 லட்சம் டன். எரித்தது போக எஞ்சிய சாம்பலும், எரியாத பொருள்களும் அண்டை மாநிலத்திலுள்ள தஜிமி என்னும் ஊரின் கிடங்கிற்குச் சென்றன. தன் வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டுக் கொல்லையில் கொட்டுவது போன்றதே இது! அந்தக் கிடங்கும் நிரம்பிக்கொண்டு வந்தது.

புதிய இடமாக மாநகராட்சி தேர்ந்தெடுத்தது, துறைமுகத்தின் மேற்கே, ஆறுகள் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் உள்ள புஜிமயே என்ற சேற்றுவெளியை. 1980-களிலேயே போடப்பட்ட திட்டம் அது. எதிர்ப்பின் காரணமாகச் சுருங்கிச் சுருங்கி, இறுதியில் 46.5 ஹெக்டேர், அதாவது சுமார் 115 ஏக்கர் பரப்பைக் குப்பையால் மேடாக்குவது என்று நின்றது.

கடல் வற்றும்போது வெறும் சேறாகத் தெரியும் நிலந்தானே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றலாம். அந்தச் சேற்றுக்குள்தான் நண்டுகளும், புழுக்களும், சிப்பிகளும் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பறந்து செல்லும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் (நம் கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வருபவற்றின் உறவினர்தாம்) நடுவழியில் இறங்கி வயிறு நிரப்பிக்கொள்ளும் சத்திரம் அது. சத்திரத்தை இடித்துவிட்டால் வழிப்போக்கர் எங்கே போவார்? பறவை நேயர்கள் பல்லாண்டு காலம் சேற்றில் இறங்கி உயிரினங்களை எண்ணிக் குறித்தார்கள். வேறோர் இடத்தில் செயற்கையாகச் சேற்றுவெளி அமைத்துத் தருகிறோம் என்றது மாநகராட்சி. இயற்கை அமைத்ததை அவ்வாறு ஈடு செய்ய இயலாது என்று மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறையே மறுத்துவிட்டது. 1999 ஜனவரியில் மேயர் மட்சுபாரா திட்டத்தைக் கைவிட்டார்.

பறவைகள் பிழைத்தன. குப்பை? அது தினந்தோறும் வந்துகொண்டே இருந்ததே! 1999 பிப்ரவரியில் மாநகராட்சி ‘குப்பை நெருக்கடி நிலை’யைப் பிரகடனம் செய்தது. இரண்டே ஆண்டுகளில் 2 லட்சம் டன், அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்பது இலக்கு. சேற்றுவெளியைக் காக்கச் சொன்ன நகர மக்கள் இப்பொழுது தங்கள் சமையலறையிலேயே வேலை செய்தாக வேண்டியதாயிற்று.

2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் புதிய முறை நகரெங்கும் நடைமுறைக்கு வந்தது. காகித உறைகள் தனி, பிளாஸ்டிக் உறைகள் தனி, பாட்டில் தனி, டப்பா தனி. தயிர்க் கிண்ணத்தின் மூடி எதில் சேரும்? பிஸ்கட் பொட்டலத்தின் உள்ளுறை எதில் சேரும்? ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. துண்டுப் பிரசுரத்தை மட்டும் அச்சடித்து அனுப்பியிருந்தால் அது பழைய காகிதத்தோடுதான் போயிருக்கும் என்பது என் எண்ணம். மாநகராட்சி அலுவலர்கள் பேட்டை பேட்டையாகச் சென்று ஏறத்தாழ 2,300 விளக்கக் கூட்டங்கள் நடத்தினர். சுமார் 2 லட்சத்து 10 ஆயிரம் பேர் வந்து கேட்டனர். கூட்டத்திற்கு ஆள் சேர்த்தவர்கள் யார்? ஒவ்வொரு பேட்டையிலும் சம்பளமின்றிச் சுகாதாரப் பணி செய்யும் அண்டை வீட்டார்களே. குப்பை எடுக்கும் நாளில் காலையில் நின்று, தவறிப் போட்டவருக்கு எடுத்துச் சொன்னவர்களும் அவர்கள்தாம். சட்டம் அதிகாரியின் வாயிலிருந்து வருவது வேறு, எதிர்வீட்டு அம்மாள் ‘இதை அந்தப் பையில் போடுங்கள்’ என்று சொல்வது வேறு அல்லவா?

பிரித்தால் மட்டும் போதுமா? கழுவவும் வேண்டும். பால் அட்டைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அது நல்ல நீண்ட நாருள்ள மரக்கூழால் ஆனது. இருபுறமும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். நீரில் ஊறவைத்துக் கலக்கினால் நார் கரைந்து கூழாகும், படலம் தனியே வந்துவிடும். அக்கூழ் கழிப்பறைக் காகிதமாகிறது. ஆனால் மிச்சப் பால் ஒட்டியிருந்தால் பெட்டி நாறும், பூஞ்சை பிடிக்கும், பக்கத்திலுள்ள நல்ல பெட்டிகளையும் கெடுக்கும். ஆகவேதான் அலம்பி, வெட்டி விரித்து, உலர்த்திக் கொடுக்கும்படி கேட்கிறார்கள்.

பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் சிறுவர் சங்கங்களும் செய்தித்தாள், பழந்துணி முதலியவற்றைத் திரட்டி வியாபாரிக்குக் கொடுக்கின்றன. அவற்றிற்கு மாநகராட்சி உதவித்தொகை அளிக்கிறது. பழைய பேப்பருக்குப் பதிலாகக் கழிப்பறைக் காகிதம் கொடுக்கும் வண்டிகளும் அந்நாட்டுத் தெருக்களில் கூவிக்கொண்டு போனதுண்டு. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ற நம் பாட்டிமார் கேட்டால் சிரிப்பார்கள்.

இரண்டு ஆண்டுகளில் குப்பை சுமார் 7 லட்சத்து 90 ஆயிரம் டன்னாகக் குறைந்தது. புஜிமயே சேற்றுவெளி 2002-ஆம் ஆண்டு நவம்பரில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகப் பதிவு பெற்றது.

இதில் குறையே இல்லையா? உண்டு. குப்பை குறைந்த அளவிற்கு மக்கள் வாங்கும் பொட்டலங்கள் குறைந்துவிடவில்லை. அவற்றுள் பெரும்பகுதி வேறு பையில் ஏறிற்று, அவ்வளவே. அந்தப் பைகளைத் தனித்தனியே ஏற்றிச் செல்ல வண்டியும் ஆளும் பணமும் வேண்டும். 1995-ல் இயற்றப்பட்ட உறைப் பொருள் சட்டத்தின்படி மறுசுழற்சிச் செலவில் பெரும்பங்கு உற்பத்தியாளரைச் சேரும். திரட்டும் செலவோ நகராட்சியின் தலையில். பொட்டலம் கட்டுபவர் குறைத்துக் கட்டினால் ஒழிய இந்தக் கணக்கு நேராகாது.

பேட்டைத் தொண்டர்களுக்கும் வயதாகிக்கொண்டு வருகிறது. அடுக்கு மாடிகளில் தனியே குடியிருக்கும் இளைஞர்கள் பேட்டைச் சங்கங்களில் சேருவதில்லை. பிரேசிலிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்து தங்கியவர்களும் அந்த வட்டாரத்தில் ஏராளம். அதனால் எந்தப் பையில் எதைப் போடுவது என்னும் விளக்கத்தை மாநகராட்சி போர்த்துக்கீசியம், சீனம் போன்ற மொழிகளிலும் அச்சிட்டு வழங்குகிறது.