கவுண்டி மைதானத்துக்கு மின்னொளி வேண்டுமா?

இங்கிலாந்தில் இன்று முதல்தரக் கிரிக்கெட் ஆடும் கவுண்டி அணிகள் 18. கடந்த முப்பது ஆண்டுகளில் இவ்வணிகள் ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டியிருந்தது. மாலை ஆட்டங்களுக்காக மைதானத்தைச் சுற்றி ஒளிவெள்ள விளக்குக் கம்பங்களை நாட்டலாமா, கூடாதா என்பதே அது. இதைக் கேட்டு நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். 'மாபெரும் மின்னொளிக் கபடிப் போட்டி' என்று சுவரொட்டி ஒட்டாத கோடைக்காலம் நம் ஊர்ப்புறத்தில் உண்டா? நான்கு கம்பம் நட்டு விளக்குக் கட்டிவிட்டால் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. இதில் ஆராய என்ன இருக்கிறது என்பர். நிறையவே இருக்கிறது என்பது என் எண்ணம். வகுப்பறையில் நாம் படிக்கும் பொருளியல், புவியியல் இரண்டுக்கும் இது நல்லதோர் எடுத்துக்காட்டு என்பதால் இங்கே எழுதத் துணிந்தேன்.

முதலில் புவியியல். சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் உள்ளது. இங்கே கதிரவன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரு மணி நேர வேறுபாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. மாலை ஆறு மணி என்றால் அந்தி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இலண்டனோ 51 பாகைக்கும் அப்பால் வடக்கே உள்ள நகரம். அங்கே டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஜூன் இறுதியில் இரவு 9.20 வரை கதிரவன் வானில் நிற்கும். மறைந்த பின்னரும் முக்கால் மணி நேரம் அந்தி வெளிச்சம் நீடிக்கும். நம் ஊரில் அது அரைமணிகூட நிற்பதில்லை. ஆகஸ்டு இறுதிக்குள் கதிரவன் மறைவது எட்டு மணிக்கு முன்னதாக வந்துவிடுகிறது. கவுண்டிப் போட்டிகள் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நடப்பவை. ஆகவே 'மாலை ஆட்டத்துக்கு விளக்கு வேண்டுமா?' என்ற கேள்விக்கு ஜூனில் ஒரு விடையும் செப்டம்பரில் வேறொரு விடையும் கிடைக்கும். நாம் இங்கிருந்துகொண்டு சிந்திக்கும்போது எளிதில் மறந்துவிடும் செய்தி இது.

அந்த ஜூன் மாத வெளிச்சத்திலும் ஒரு மணி நேரம் மனிதன் செய்துகொண்ட ஏற்பாடு. வில்லியம் வில்லெட் என்னும் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் இருந்தார். கோல்ஃப் ஆட்டத்தில் பெரும் ஈடுபாடு கொண்டவர். பொழுது சாய்ந்து ஆட்டம் பாதியில் நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. கோடையில் விடியற்காலை வெளிச்சத்தை மக்கள் தூங்கிக் கழிக்கிறார்களே, கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தால் அந்த வெளிச்சம் மாலைக்கு வந்துவிடாதா என்று 1907-இல் ஒரு சிறு வெளியீடு எழுதிப் பரப்பினார். 1915-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு, போர்க்காலத்தில், கோடைக்காலக் கடிகாரம் சட்டமாகியது. ஆக, மாலை ஆட்டத்துக்காக வெளிச்சத்தைத் தேடும் முயற்சி அந்நாட்டில் மின்விளக்கோடு தொடங்கியதன்று.

இனிப் பொருளியலுக்கு வருவோம். கவுண்டி கிரிக்கெட்டின் நெடுநாளைய நோய், ஆட்டம் நடக்கும் நேரமும் மக்களின் ஓய்வு நேரமும் பொருந்தாமை. சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் முன்பு மூன்று நாள் நடந்தன. 1993 முதல் எல்லாமே நான்கு நாள். வேலை நாளில் முற்பகலில் தொடங்கி மாலையில் முடியும் ஆட்டத்தை யார் போய்ப் பார்ப்பது? ஓய்வுபெற்றவர் பார்க்கலாம்; விடுமுறையில் இருக்கும் பள்ளிச் சிறுவன் பார்க்கலாம். ஆலையிலும் அலுவலகத்திலும் இருப்பவன் மறுநாள் செய்தித்தாளில் ஓட்ட எண்ணிக்கையைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். காலையில் கடையிலோ பட்டறையிலோ வேலை பார்த்துவிட்டு இரண்டாம் சுழற்சி வகுப்புக்கு ஓடிவரும் நம் கல்லூரி நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் துறைகளுக்கிடையிலான போட்டிகளையே அவர்களுள் பலர் பார்த்ததில்லை.

கவுண்டிகள் செய்த சீர்திருத்தங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை கடிகாரத்தோடு நடத்திய பேரம் என்பது புலனாகும். 1963-இல் ஒரே நாளில் முடிவு காணும் ஜில்லெட் கோப்பை வந்தது. 1969-இல் ஞாயிறு பிற்பகலில் 40 ஓவர் ஆட்டம் வந்தது. 2003 ஜூனில் 20 ஓவர் ஆட்டம் வந்தது. இதன் முதல் ஆண்டு ஆட்டங்கள் பெரும்பாலும் மாலை ஐந்தரை மணியளவில் தொடங்கி இயற்கை வெளிச்சத்திலேயே முடிந்தன. இன்று உலகெங்கும் மின்னொளியோடு பிரிக்கமுடியாதபடி இணைந்துவிட்ட அந்த ஆட்டம் பிறந்தபோது விளக்கை நம்பிப் பிறக்கவில்லை!

விளக்கு வெளிச்சத்திலும் கிரிக்கெட் ஆடலாம் என்பது அதற்கு வெகு முன்னரே தெரிந்த செய்தி. 1952-இல் இலண்டன் ஹைபரி கால்பந்து அரங்கில் மிடில்செக்ஸ் அணி, ஆர்சனல் கால்பந்துக் கழகத்தாரோடு மின்னொளியில் ஆடியது. ஜாக் யங் என்ற சுழற்பந்து வீச்சாளருக்கு நிதி திரட்டுவதற்காக நடந்த ஆட்டம் அது. அதை ஒரு வேடிக்கை என்றே எண்ணி விட்டுவிட்டார்கள். 1977-இல் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர் ஆஸ்திரேலியாவில் தனிப் போட்டித் தொடரைத் தொடங்கி, வெள்ளைப் பந்தையும் வண்ண உடையையும் இரவுக்குள் கொண்டுவந்தார். 1979 நவம்பர் 27-இல் சிட்னியில் அதிகாரபூர்வமான முதல் பகலிரவு ஒருநாள் ஆட்டம் நடந்தது. இங்கிலாந்துக் கவுண்டிகளுக்குள் முதல் மின்னொளிப் போட்டி 1997 ஜூலையில்தான், எட்ஜ்பாஸ்டனில், வார்விக்ஷயருக்கும் சாமர்செட்டுக்கும் இடையே நடைபெற்றது. நிலையான விளக்குகளை முதலில் நிறுவிய கவுண்டி மைதானம் சசெக்ஸின் ஹோவ் ஆகும்.

அப்படியானால் விளக்கினால் கவுண்டிக்குக் கிடைப்பது என்ன? கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம்தான். ஐந்தரைக்குத் தொடங்க வேண்டிய ஆட்டத்தை ஆறரைக்கோ ஏழுக்கோ தொடங்கலாம். பெரிய ஆதாயமாகத் தோன்றாது. ஆனால் ஐந்து மணிக்கு வேலை முடிந்து, வீடு சென்று, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருபவனுக்கு ஐந்தரைக்கும் ஆறரைக்கும் உள்ள வேறுபாடு, ஆட்டத்தைப் பார்ப்பதற்கும் பாராமைக்கும் உள்ள வேறுபாடாகும். மின்னொளிக்குச் சார்பாக நான் காணும் வலுவான வாதம் இதுவே. வாணவேடிக்கை, இசை, தொலைக்காட்சி என்று பிறர் அடுக்கும் காரணங்கள் எனக்கு அவ்வளவு பெரியனவாகப் படவில்லை.

இந்த ஒரு மணி நேரத்தை மறந்து, விளக்கு இருந்தால் கூட்டம் தானே வரும் என்று நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2017 ஜூன் 26-இல் சாம்பியன்ஷிப் போட்டியின் ஒரு சுற்று முழுவதையும் பகலிரவு ஆட்டமாக்கி, இளஞ்சிவப்புப் பந்தில், பிற்பகல் இரண்டு முதல் இரவு ஒன்பது வரை நடத்தினார்கள். கதிரவன் ஒன்பதே காலுக்கு மேல் மறையும் வாரத்தை அல்லவா தேர்ந்தெடுத்தார்கள்! மேகம் மூடாத இடங்களில் விளக்குக்கு வேலையே இல்லை. எதிர்பார்த்த கூட்டமும் வரவில்லை. அதற்கு முன்னர் 2011 செப்டம்பரில், கேன்டர்பரியில் கென்ட்டும் கிளமார்கனும் சாம்பியன்ஷிப்பின் முதல் பகலிரவு ஆட்டத்தை ஆடியபோது இருட்டு இருந்தது. ஆனால் அது இங்கிலாந்தின் இலையுதிர்கால வாசல். குளிரில் நான்கு மணி நேரம் இருக்கையில் அமர்ந்திருக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? புல்வெளியில் பனி இறங்கிவிட்டால் பந்து ஈரமாகிச் சுழற்பந்து வீச்சாளரின் விரலில் நழுவும். பின்னர் மட்டை பிடிக்கும் அணிக்கு அது ஆதாயமாகவும் முடியும்.

மேகமூட்டமான பகலில் ஆட்டம் நிற்காமல் தொடர விளக்கு உதவும் என்ற வாதமும் உண்டு. இது ஓரளவே உண்மை. சிவப்புப் பந்து விளக்கொளியில் சரியாகத் தெரிவதில்லை என்பதால், இயற்கை வெளிச்சம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள். 2013 ஆகஸ்டில், விளக்குகள் உள்ள ஓவல் மைதானத்தில், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டின் இறுதி மாலையில் இங்கிலாந்து வெற்றிபெற நான்கு ஓவரில் 21 ஓட்டங்களே தேவைப்பட்டன. வெளிச்சம் போதாது என்று ஆட்டம் முடித்துக்கொள்ளப்பட்டது. அரங்கு நிறைந்த கூட்டம் கூச்சலிட்டதில் வியப்பென்ன?

இதுவரை சொன்னது மைதானத்துக்குள்ளே இருப்பவர்களைப் பற்றி. வெளியே இருப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பாதிக் கட்டுரையே. கவுண்டி மைதானங்களுள் பல குடியிருப்புகளுக்கு நடுவே அமைந்தவை. விளக்குக் கம்பத்தில் ஒரு முரண்பாடு இருக்கிறது. கம்பம் குட்டையாக இருந்தால் விளக்கைக் கிடைமட்டமாகத் திருப்ப வேண்டும். அப்போது ஒளி ஆட்டக்காரரின் கண்ணைக் கூசச் செய்வதோடு மைதானத்தைத் தாண்டி அடுத்த தெருவின் படுக்கையறைக்குள்ளும் புகும். கம்பம் உயர உயர ஒளியைக் கீழ்நோக்கிச் செலுத்தலாம், சிதறல் குறையும். ஆனால் அந்த உயர்ந்த கம்பம் ஆண்டின் 365 பகலிலும் வானை மறைத்துக்கொண்டு நிற்கும். இரவில் நல்ல அண்டை வீட்டானாக இருக்க வேண்டுமானால் பகலில் கண்ணுக்கு உறுத்தலாக இருந்தே தீரவேண்டும். புதிய எல்.இ.டி. விளக்குகள் ஒளியை வேண்டிய இடத்தில் மட்டும் கட்டுப்படுத்தி வீசுவதால் இந்தச் சிக்கலைக் குறைத்திருக்கின்றன. சுவிட்சைப் போட்டவுடன் எரிகின்றன. பழைய உலோக ஹாலைடு விளக்கு அணைந்துவிட்டால் ஆறி மீண்டும் எரியப் பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்.

பொருளியலறிஞர் பிகு 1920-இல் வெளியிட்ட நலப் பொருளியல் நூலில், ஒருவர் தம் வீட்டு வாயிலில் ஏற்றும் விளக்கு தெருவுக்கும் ஒளி தருகிறது, அதற்காக அவருக்கு எவரும் பணம் தருவதில்லை என்பதைப் புறநன்மைக்குச் சான்றாகக் காட்டுகிறார். அதே விளக்கு பல நூறு மடங்கு பெருகிக் கம்பத்தில் ஏறியதும் புறத்தீமையாகிவிடுகிறது. இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றே: கணக்கு ஒருவர் ஏட்டில், பலன் இன்னொருவர் வீட்டில். நுழைவுச்சீட்டு வருமானம் கவுண்டிக்கு. தூக்கம் கெடுவதும் தெருவில் வண்டிகள் நெரிவதும் அண்டை வீட்டாருக்கு.

ஆங்கிலேயச் சட்டம் இவ்வழக்கை வேறு வடிவில் முன்பே சந்தித்திருக்கிறது. டர்ஹம் கவுண்டியிலுள்ள லின்ட்ஸ் என்ற ஊரில் ஏறத்தாழ எழுபதாண்டுகளாகக் கிரிக்கெட் ஆடிவந்த திடலின் ஓரத்தில் 1970-களின் தொடக்கத்தில் புது வீடுகள் எழுந்தன. பந்துகள் தோட்டத்தில் வந்து விழ, வீட்டுக்காரர் வழக்குத் தொடுத்தார். 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் டென்னிங் பிரபு உள்ளிட்ட மூவர் அதைக் கேட்டனர். பந்து விழுவது தொல்லையே என்று பெரும்பான்மையினர் கொண்டனர். ஆயினும் ஆட்டத்தைத் தடுக்க ஆணையிட மறுத்து 400 பவுன் இழப்பீட்டோடு முடித்தனர். ஆட்டமும் நிற்கவில்லை, அண்டை வீட்டார் பட்ட துன்பம் இல்லையென்றும் ஆகவில்லை. ஒளியைப் பொறுத்தவரை, 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வீடுகளைத் துன்புறுத்தும் செயற்கை ஒளியையும் சட்டப்படியான தொல்லைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. விளையாட்டிடங்கள் இயன்ற வழிகளையெல்லாம் கையாண்டிருந்தால் அதைத் தற்காப்பாகக் காட்டலாம் என்றும் இடம் வைத்தது.

மிடில்செக்ஸின் தாயகமான லார்ட்ஸில் நடந்தது நமக்கு நல்ல பாடம். அங்கே 2007-இல் தற்காலிக விளக்குகள் நிறுவப்பட்டன. சுற்றியுள்ளோர் முறையிட, மறு ஆண்டு அவை அகற்றப்பட்டன. பின்னர், தேவையில்லாதபோது உள்ளிழுத்துக்கொள்ளும் கம்பங்களோடு புதுத் திட்டம் வந்தது. 2009 ஜனவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி மன்றம் ஐந்தாண்டுச் சோதனையாக அதற்கு இசைவு தந்தது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 12 ஆட்டங்கள், 4 பயிற்சி ஆட்டங்கள் மட்டும், இரவு 9.50-க்கு ஒளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். 11 மணிக்குள் முற்றும் அணைக்க வேண்டும். அவ்வாண்டு மே 27-இல் கென்ட்டுக்கு எதிரான 20 ஓவர் ஆட்டத்தில் அவை முதன்முறை எரிந்தன. எத்தனை இரவு, எத்தனை மணி வரை என்று எண்ணிச் சொன்னவுடன் எதிர்ப்பு பேரம்பேசத்தக்க ஒன்றாக மாறியதைக் கவனிக்க வேண்டும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பன்னாட்டு ஆட்டங்கள் நடக்கும் பெரிய மைதானங்களுக்கும், ஒரு கவுண்டியின் தலைமை மைதானத்துக்கும் விளக்கு வேண்டும். 2025-ஆம் ஆண்டின் 20 ஓவர் போட்டியில் ஓர் அணிக்கு 14 லீக் ஆட்டங்கள்; அவற்றுள் ஏழே சொந்த மண்ணில். ஏழெட்டு இரவுகளுக்காக அண்டை வீட்டாரிடம் இசைவு கேட்பது நியாயமான கோரிக்கையே. ஆனால் இசைவு கேட்டுத்தான் நாட்ட வேண்டும். நாட்டிவிட்டுச் சமாதானம் பேசக்கூடாது.

கிளை மைதானங்களின் நிலை வேறு. கென்ட் அணி ஒரு காலத்தில் டோவர், ஃபோக்ஸ்டன், மெய்ட்ஸ்டன் என ஊர் ஊராகச் சென்று ஆடியது. அவ்வூர்களை அது கைவிட்டது விளக்கு வருவதற்கு முன்பே. எனவே பழியை விளக்கின்மேல் போடுவதற்கில்லை. எனினும் பெரும் பணத்தை ஒரே இடத்தில் கம்பங்களாக நட்டுவிட்ட நிர்வாகம், மாலை ஆட்டங்களை எல்லாம் அங்கேயே நடத்தவே விரும்பும் என்பது வெளிப்படை. ஆண்டுக்கு ஒரு வாரம் கூடாரம் அடித்து ஆடும் சிற்றூர் மைதானங்களுக்கு அந்த விருப்பமே ஆபத்து. அவற்றுக்கென இரண்டொரு 20 ஓவர் ஆட்டங்களைக் கோடை நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். குளோஸ்டர்ஷயர் 1872-இலேயே ஆடத் தொடங்கிய செல்ட்டனம் கல்லூரி மைதானத்துக்குக் கம்பமும் வேண்டாம், வாடகை விளக்கும் வேண்டாம். அங்கே விழா நடக்கும் ஜூலை மாதத்தில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கிறது.