உடற்பருமனும் சிறுநீரக நோயும்

பழைய மாணவராகிய நாம் விழாக்காலங்களிற் கூடுந்தோறும், "நன்றாகப் பருத்துவிட்டீர்" என ஒருவரையொருவர் நகையாடுதல் வழக்கம். மைதானத்தில் ஓடித்திரிந்த உடல், நாற்காலியில் அமர்ந்து பணிசெய்த முப்பது ஆண்டுகளில் இடையளவிற் பெருத்துவிடுகின்றது. எனினும், சிறுநீரகம் நலிந்த ஒருவர்க்கு இப்பருமன் நகைப்புக்குரியதன்று. அதனை எவ்வாறு குறைத்தல் வேண்டும், எவ்வாறு குறைத்தலாகாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இலங்கையிற் சிறுநீரக நோய் என்றதும், 1990களில் வடமத்திய மாகாணத்து உழவரிடையே வெளிப்பட்ட, காரணந் துணியப்படாத நோயே பலர்க்கு நினைவில் வரும். நாம் கூறப்புகுவது அதனின் வேறாய், நீரிழிவு, உயர்குருதியமுக்கம், பருமன் என்பவற்றோடு தொடர்புற்று வரும் நோயாகும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் சிறுநீரகத்திகள் உள்ளன. குருதியை வடிப்பன அவையே. உடல் பெருத்தாலும் அவற்றின் தொகை பெருகாது. ஐம்பது மாணவர்க்குச் சமைக்கும் விடுதிச் சமையற்காரர் இருவர் எண்பது பேர்க்குச் சமைக்க நேரின், சில நாள் சமாளிப்பர். பின்னர் ஒருவர் நோயுற, மற்றவர்மேல் முழுச்சுமையும் விழும். சிறுநீரகத்திகளின் நிலையும் இதுவே. மிகை வேலையாற் சில தழும்பேறி அழிய, எஞ்சியவை மேலும் வருந்துகின்றன. புரதமும் சிறுநீரில் ஒழுகத் தொடங்குகின்றது.

கிலோகிராமிலுள்ள நிறையை மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தாற் பிரிப்பது வழக்கமான அளவை. ஆசிய மக்களுக்கு 23 முதல் இடர் கூடுகின்றதென்றும், 27.5 முதல் அது மிகுதியென்றும் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் 2004இல் எடுத்துரைத்தனர். ஆயின், சிறுநீரக நோயாளர் உடலில் நீர் தேங்கினும் நிறை கூடும். ஆதலின் இடையளவையும் நோக்குதல் நன்று. ஆடவர்க்கு 90 சென்ரிமீற்றரும் பெண்டிர்க்கு 80 சென்ரிமீற்றரும் எல்லையெனக் கொள்வர்.

இனி, தவிர்க்கவேண்டியன. பிறர்க்கு உதவும் வழி யாவும் இந்நோயாளர்க்கு உதவா. இறைச்சியும் முட்டையும் மிகுத்துச் சோற்றை நீக்கும் முறை, நலிந்த சிறுநீரகத்திற்குச் சுமையாகும். குருதிச் சுத்திகரிப்புத் தொடங்காத, நோய் நடுநிலையைக் கடந்தவர்க்கு, நாளொன்றுக்கு உடல்நிறையின் கிலோகிராமொன்றுக்கு 0.8 கிராம் புரதம் அளவாகும். பருத்தவர்க்கு எந்நிறையை வைத்துக் கணக்கிடுவதென்பதை வைத்தியரே துணிவர். குருதியிற் பொற்றாசியம் மிகுந்தவர், மெலிவதற்கென இளநீரையும் வாழைப்பழத்தையும் பெருக்குதல் ஆபத்து. மூலிகை என்ற பெயரையும் நம்பலாகாது. பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் மெலிவு மருந்துண்ட பெண்கள் பலர், அதிற் கலந்திருந்த ஒரு மூலிகையாற் சிறுநீரகம் இழந்தனர். நம் நாட்டு ஈசுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் அம்மூலிகையின் பேரினத்தைச் சேர்ந்தவையே.

செய்யத்தக்கன எளியவை. சீனியிட்ட தேநீரையும் பொரித்த பலகாரத்தையும் குறைத்தல். சோற்றின் அளவைச் சுருக்குதல். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் உட்பட எல்லாவற்றாலும் சேரும் உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் அடக்குதல். உடல்நிலை இடங்கொடுக்குமாயின் வாரம் 150 நிமிடம் விரைந்து நடத்தல். நிறை குறையுங்கால் இன்சுலினினதும் குருதியமுக்க மருந்துகளினதும் அளவை வைத்தியர் மீள நோக்குதல் அவசியம். முன்னைய அளவே தொடரின் மயக்கம் நேரலாம்.

மருந்துகளும் புதியன வந்துள்ளன. இரண்டாம் வகை நீரிழிவும் சிறுநீரக நோயும் உடைய 3,533 பேரிடம் நடந்த ஆய்வொன்றில், வாரமொருமுறை செமாகுளுற்றைட் ஊசி பெற்றோர்க்குச் சிறுநீரகப் பெருங்கேடும், இதய, சிறுநீரகக் காரணங்களால் நேரும் இறப்பும் சேர்ந்த இடர் 24 வீதம் குறைந்ததென 2024இல் வெளியாயிற்று. இதனைத் தாமே வாங்கி ஏற்றிக்கொள்ளலாகாது.

குருதிச் சுத்திகரிப்பில் உள்ளாரின் நிலை வேறு. அவர்க்குப் புரதம் கூடுதலாக வேண்டும். காரணமின்றி மெலிதல் அவர்க்குத் தீக்குறி. பருமனால் மாற்றுச் சிறுநீரகம் பெறுதல் தடைப்பட்டவர்கூட, வைத்தியர் மேற்பார்வையிலேயே மெலிதல் வேண்டும்.

குறையவேண்டியது கொழுப்பு, தசையன்று. ஆதலின், தராசின் முள் இறங்கியதென மகிழுமுன், இறங்கியது யாதென வினவுவோமாக. அடுத்த விழாவில் நண்பரைக் கண்டு நகையாடுமுன், "குருதியும் சிறுநீரும் சோதித்தீரா?" என ஒருமுறை கேட்போமாக.