டிரில்லிங் மெஷின் வாங்கப் போறீங்களா? தராசையும் எடுத்துக்கிட்டுப் போங்க



ஊறுகாய், தையல், சோப்பு ஆயில் என்று நம் பாடப் பகுதியில் எத்தனையோ பார்த்துவிட்டோம். இந்த மாதம் டிரில்லிங் மெஷின். அதிலும் வயர் இல்லாமல் பேட்டரியில் ஓடுகிற மெஷின். "இது ஆம்பளைங்க சமாசாரம், நமக்கு எதுக்கு"ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. இதில் போனது நம்ம குழுப் பணம். அதனால்தான் எழுதுகிறேன்.

முத்தியால்பேட்டையில் எங்கள் குழுவில் இரண்டு பேர், வீடு வீடாகப் போய் ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பது, திரைச்சீலைக் கம்பி மாட்டுவது, சுவரில் சின்ன அலமாரி பொருத்துவது என்று வேலை செய்கிறார்கள். அளவெடுத்து வலை வெட்டுவதெல்லாம் இவர்களே. ஆனால் சுவரில் துளை போட மட்டும் ஒரு ஆளைக் கூப்பிட வேண்டும். அவர் வருகிற நேரம்தான் நேரம், கேட்கிற கூலிதான் கூலி. பாதி லாபம் அதிலேயே போகும். நம்ம கையிலேயே ஒரு மெஷின் இருந்தா என்ன என்று யோசித்தார்கள். குழுவில் உள்கடன் 2,400 ரூபாய் கேட்டார்கள், தீர்மானம் போட்டுக் கொடுத்தோம். பெட்டி பிரமாதமாக இருந்தது. 2 பேட்டரி, ஒரு சார்ஜர், பெட்டி நிறைய பிட். பேட்டரி மேல் பெரிய எழுத்தில் "48 வி.எஃப்.", அதற்குக் கீழே "6000". கூட்டத்தில் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். நானும்தான்.

எட்டாவது மாதம் ஒரு பேட்டரி சார்ஜே ஏறவில்லை. இன்னொன்று நாலு ஸ்குரூ முடுக்குவதற்குள் மூச்சு விட்டது. அந்த மாடலுக்கு வேறு பேட்டரி தேடினால் கிடைக்கவில்லை. விற்றவரிடம் கேட்டால் "பேட்டரிக்கு வாரண்டி கிடையாதும்மா" என்று ஒரே வார்த்தை. கடனில் இன்னும் 2 தவணை பாக்கி. வேலை செய்யாத மெஷினுக்குத் தவணை கட்டச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்த மாதக் கூட்டத்தில் கொஞ்சம் சத்தமாகவே பேச்சு நடந்தது. குறை அவர்களுடையது இல்லை. எதைப் பார்த்து வாங்கணும் என்று கடன் கொடுத்த நமக்கும் தெரியவில்லை.

முதலில் ஒரு கேள்வி: பேட்டரி மெஷின் வேணுமா?

வேலை செய்கிற இடத்தில் எல்லாம் பிளக் பாயிண்ட் இருக்கிறது, வருஷத்துக்கு நாலு தரம் சொந்த வீட்டில் ஆணி, ஸ்குரூ வேலை என்றால் வயர் வைத்த மெஷினே போதும். அது விலை குறைவு, சுவரில் பலமும் அதிகம், பேட்டரி செத்துப்போகும் கவலை கிடையாது. என் அபிப்பிராயம், சொந்த வீட்டு வேலைக்காக மட்டும் யாரும் கடன் வாங்கிப் பேட்டரி மெஷின் வாங்க வேண்டாம்.

கரெண்ட் கனெக்‌ஷன் வராத புது வீட்டில் வேலை, மாடி ஜன்னலில் ஏணி மேல் நின்று வேலை, ஒரு நாளைக்கு மூணு நாலு வீடு ஏறி இறங்குகிற வேலை என்றால் பேட்டரி மெஷின் பேருதவி. ஏணியில் நிற்கும்போது காலில் வயர் சிக்குவது எவ்வளவு ஆபத்து என்று செய்தவர்களுக்குத் தெரியும். புயல் ஊர் நம்ம ஊர். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு எத்தனை நாள் கரெண்ட் இல்லாமல் இருந்தோம், எத்தனை வீட்டில் கூரை ஷீட்டைத் திரும்ப மாட்ட வேண்டி வந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

பேட்டரியில் எழுதியிருப்பதைப் படிப்பது எப்படி?

இதுதான் பாடத்தின் முக்கியப் பகுதி. மெதுவாகப் படியுங்கள்.

பேட்டரி மெஷின் விலையில் பெரிய பங்கு பேட்டரிக்குத்தான் போகிறது. மோட்டார் பல வருஷம் ஓடும். தேய்ந்து போவது பேட்டரி. ஆகையால் நாம் வாங்குவது பேட்டரி, கூடவே ஒரு மெஷின் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியில் 2 எண் இருக்கும். ஒன்று வோல்ட். இன்னொன்று ஏ.எச்., அதாவது ஆம்பியர்-மணி. மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த வேகத்தில் குழாயில் தண்ணி வரும். அந்த உயரம்தான் வோல்ட். தொட்டி எவ்வளவு பெருசு என்பது ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் வாட்-மணி. 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 36 வாட்-மணி. நம்ம வீட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு 4 மணி நேரம் எரிகிற அளவு சக்தி அதில் இருக்கிறது. 6000 என்று போட்டிருந்தால் அது மில்லி கணக்கு, 6 ஆம்பியர்-மணி என்று அர்த்தம். பேட்டரியை ஒப்பிடும்போது இந்தப் பெருக்குத் தொகையைத்தான் ஒப்பிடணும்.

அடுத்து, கடையில் 18, 20, 21 என்று மூணு வகை சொல்வார்கள். பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க. மூணும் ஒன்றுதான். உள்ளே இருப்பது 5 லித்தியம் செல். ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட் வரை போகும், ஐந்துக்கு 21. நடுவில் 4 என்று வைத்தால் 20. அதே மாதிரி 12 வோல்ட் என்பதும் 10.8 வோல்ட் என்பதும் 3 செல் உள்ள ஒரே பேட்டரிதான்.

அப்போ எங்கள் பெட்டியில் இருந்த "48 வி.எஃப்." எந்தக் கணக்கு? பேட்டரி ரிப்பேர் செய்கிற தம்பி ஒருத்தர் அதைப் பிரித்துக் காட்டினார். உள்ளே 5 செல். அவ்வளவுதான். 48 வோல்ட் வேண்டுமென்றால் 13 செல்லாவது வரிசையாக வேண்டும். 48, 88, 128 என்று பக்கத்தில் "வி.எஃப்." போட்டு வருவதெல்லாம் கண்ணுக்கு எண், அளந்தால் வோல்ட் இல்லை. (நீங்களே பிரித்துப் பார்க்காதீங்க. லித்தியம் செல்லில் கத்தியோ ஸ்குரூ டிரைவரோ பட்டால் தீப்பிடிக்கும்.)

பிரிக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதுதான் தராசு. எவ்வளவு நல்ல லித்தியம் செல்லாக இருந்தாலும் ஒரு கிலோ எடைக்கு சுமார் 250 வாட்-மணிதான் பிடிக்கும். இந்த மெஷின்களில் அதிகம் போடுகிற செல் 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். ஒன்று சுமார் 45 கிராம். எங்கள் பேட்டரியைக் காய்கறித் தராசில் வைத்தோம். மூடியோடு 310 கிராம். பேட்டரி மேல் எழுதியிருந்தபடி 48-ஐ 6-ஆல் பெருக்கினால் 288 வாட்-மணி. அது உண்மையென்றால் செல் மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கணும். சரி, 18 வோல்ட் என்றே வைத்துக்கொள்வோம். 18-ஐ 6-ஆல் பெருக்கினால் 108, அதற்கும் செல் எடை 400 கிராம் தாண்டணும். அந்த அளவு செல்லில் ஒன்றில் அதிகமாகப் போனால் 3.5 ஆம்பியர்-மணி, மலிவுச் செல்லில் அதில் பாதியும் இருக்காது. தராசு பொய் சொல்லாது. வாங்குவதற்கு முன்னால் அந்த 310 கிராமைப் பார்த்திருந்தால் 2,400 ரூபாய் நம்ம கையில் இருந்திருக்கும்.

ஒரு சின்னச் செய்தி. வயர் இல்லாத முதல் டிரில்லிங் மெஷினை அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் கம்பெனி 1961-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1971-ல் அப்போலோ 15-ல் போனவர்கள் நிலாவில் பேட்டரி டிரில் வைத்துத் துளை போட்டார்கள். அங்கே பிளக் பாயிண்டுக்கு எங்கே போவது! அந்தக் காலத்தில் நிக்கல்-காட்மியம் பேட்டரி. கனம் அதிகம், காட்மியம் விஷமும்கூட. லித்தியம் வந்த பிறகுதான் நம்ம கைக்குத் தாங்குகிற எடைக்கு மெஷின் வந்தது. லித்தியம்-அயன் பேட்டரியை உருவாக்கிய மூணு பேருக்கு 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

கடையில் நிற்கும்போது

ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் உட்காராது. போஷ் பேட்டரி மக்கிடாவில் போகாது, மக்கிடா பேட்டரி டிவால்ட்டில் போகாது. ஒரே கம்பெனியிலும் 12 வோல்ட் வரிசை வேறு, 18 வோல்ட் வரிசை வேறு. ஆகவே முதல் மெஷின் வாங்கும்போதே, நாளைக்கு வெட்டும் மெஷின், பாலிஷ் மெஷின் வாங்கினாலும் இதே பேட்டரி போடுமா என்று கேளுங்கள். போடும் என்றால் அடுத்த முறை பேட்டரி, சார்ஜர் இல்லாமல் வெறும் மெஷினை மட்டும் குறைந்த விலைக்கு வாங்கலாம். மக்கிடா 18 வோல்ட் லித்தியம் வரிசையை 2005-ல் ஆரம்பித்தது. அந்த வரிசைக்கு இன்றைக்கும் பேட்டரி விற்கிறார்கள். பத்து வருஷம் கழித்தும் பேட்டரி கிடைக்குமா என்பதுதான் கேள்வி, பெட்டியில் எத்தனை பிட் இருக்கிறது என்பது இல்லை.

மெஷினுக்கு எத்தனை மாதம் வாரண்டி, பேட்டரிக்குத் தனியாக எத்தனை மாதம், தனிப் பேட்டரி என்ன விலை, சர்வீஸ் எங்கே? இந்த நாலையும் பில் போடுவதற்கு முன்னால் கேளுங்க. ஜி.எஸ்.டி. பில் கட்டாயம் வாங்குங்க. பில் இல்லாமல் எந்த சர்வீஸ் சென்டரிலும் வாரண்டி பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய மெஷின் மலிவாகக் கிடைக்கும். வயர் மெஷினை அங்கேயே ஓட்டிப் பார்த்து வாங்கினால் பரவாயில்லை. பழைய பேட்டரி மட்டும் வேண்டாம். அது எத்தனை தரம் சார்ஜ் ஏறி இறங்கியது என்று யாருக்கும் தெரியாது.

சுவருக்கு என்றால் "இம்பாக்ட்" வசதி உள்ளதா என்று பாருங்கள். மரம், அலுமினியத்துக்கு மட்டும் என்றால் சாதா போதும். செங்கல் சுவருக்கு 12 வோல்ட் இம்பாக்ட் தாங்கும். ஆனால் ஜன்னலுக்கு நேர் மேலே இருப்பது செங்கல் இல்லை, கான்கிரீட் லின்டல். திரைச்சீலைக் கம்பி பெரும்பாலும் அங்கேதான் வரும். அதில் சின்ன மெஷினை வைத்து அழுத்தினால் பிட் மழுங்கும், பேட்டரி கொதிக்கும். அந்த வேலைக்கு வயர் உள்ள ஹேமர் மெஷினை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதே லாபம்.

விலைக் கணக்கு ஒன்று போடுவோம். 2,400 ரூபாய் மெஷின் 8 மாதம் வந்தது, மாதத்துக்கு 300 ரூபாய். 7,200 ரூபாயில் வாங்குகிற மெஷின் 3 வருஷம் வந்தால் மாதத்துக்கு 200 ரூபாய். எது மலிவு?

வாங்கிய பிறகு

நல்ல லித்தியம் பேட்டரி 300 முதல் 500 முறை சார்ஜ் தாங்கும், பிறகு மெதுவாகக் கொள்ளளவு குறையும். சூடுதான் அதற்கு எமன். வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் விடாதீங்க. வேலை முடிந்து சுடச்சுட இருக்கும்போது சார்ஜில் போடாதீங்க, ஆற விடுங்க. அதோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு சார்ஜர் போடக் கூடாது. ராத்திரி பாய், தலையணை பக்கத்தில் சார்ஜ் போட்டுத் தூங்கவே கூடாது. பல நாள் வேலை இல்லையென்றால் பாதி சார்ஜில் எடுத்து வையுங்கள். அடியோடு தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் திரும்ப எழுந்திருக்காது. சோலை நகர் மாதிரி கடல் ஓரத்தில் இருப்பவர்கள் மெஷினை வெளியே தொங்கவிடாமல் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். உப்புக் காற்றில் பேட்டரியின் பித்தளை நாக்குகள் பச்சை பிடிக்கும்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி வீட்டுக்குள் தண்ணி வந்தது ஞாபகம் இருக்கும். தண்ணீரில் மூழ்கிய பேட்டரியைக் காயவைத்து சார்ஜ் போடலாம் என்று நினைக்காதீங்க. பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே துரு வேலை செய்யும், சார்ஜில் போடும்போது தீப்பிடிக்கலாம். உப்பிய பேட்டரியும் அப்படித்தான். அதன் நாக்குகள் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டித் தனியாக வைத்து, விற்ற கடையிலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுங்கள். 2022-ல் மத்திய அரசு கொண்டு வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது. குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை வண்டியில் தீ வரும். அதைத் தள்ளிக்கொண்டு போவதும் நம்மைப் போல ஒரு சகோதரிதான்.

மெஷின் ஓட்டும்போது முந்தானையை இடுப்பில் செருகி, கூந்தலை முடிந்து, வளையலைக் கழற்றி வையுங்கள். கண்ணாடி போடுங்கள். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளை போடாதீங்க, சுவருக்குள் வயர் போகும்.

எங்கள் குழுவில் அந்தப் பழைய கடனின் 2 தவணைக்கு 4 மாதம் அவகாசம் கொடுத்தோம். பிறகு அவர்களே கடைக்குப் போய், 12 வோல்ட், 2 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டோடு ஒரு இம்பாக்ட் மெஷின் பார்த்து வந்து விலை சொன்னார்கள். ஒரு பேட்டரி எடை சுமார் 190 கிராம். 3 செல் 135 கிராம், மீதி மூடி. கணக்கு சரியாக வந்தது. தீர்மான நோட்டில் மெஷின் பெயர், பேட்டரியின் வோல்ட், ஆம்பியர்-மணி, எடை, வாரண்டி முடியும் தேதி எல்லாம் எழுதி, பில் நகலையும் ஒட்டிய பிறகுதான் ஊக்குநர் கையெழுத்துப் போட்டார். லின்டல் வேலை வருகிற நாளில் மட்டும் ஹேமர் மெஷின் வாடகைக்கு எடுக்கிறார்கள்.