ரயிலில் எதைக் கொண்டு போகலாம்?

2023 ஆகஸ்ட் 26. விடியற்காலை நேரம். மதுரை ரயில் நிலையத்தின் அருகே ஒரு ரயில் பெட்டி நின்றிருந்தது. சுற்றுலாவுக்காக வாடகைக்கு எடுத்த பெட்டி அது. லக்னோவிலிருந்து வந்த பயணிகள் அதில் இருந்தார்கள். அவர்களிடம் ஒரு கேஸ் சிலிண்டர் இருந்தது. ரயிலில் சிலிண்டர் கொண்டு வரக் கூடாது. ஆனால் மறைத்துக் கொண்டு வந்திருந்தார்கள். தேநீர் போடுவதற்காக அடுப்பைப் பற்ற வைத்தார்கள். பெட்டி தீப்பிடித்தது. 9 பேர் இறந்து போனார்கள்.

அவர்கள் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. தேநீர் குடிக்க நினைத்தார்கள். அவ்வளவுதான்.

நாமும் ரயிலில் போகிறோம். எதைக் கொண்டு போகலாம்? எதைக் கொண்டு போகக் கூடாது? ஒரு குடும்பத்தைப் பார்த்துத் தெரிந்து கொள்வோம்.

செல்லம்மாள் மூட்டை கட்டுகிறாள்

செல்லம்மாளும் அவள் கணவர் முருகனும் மும்பை தாராவியில் வசிக்கிறார்கள். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஊரில் கோயில் கொடை. நாகர்கோவில் ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் இரண்டு டிக்கெட் எடுத்திருந்தார்கள். வழியில் இரண்டு இரவுகள். கைக்குழந்தையும் உண்டு.

பக்கத்து வீட்டில் சண்முகம் அண்ணாச்சி இருக்கிறார். ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மூட்டைகளைப் பார்த்தார்.

"என்ன செல்லம்மா, வீட்டையே கட்டி எடுத்துக்கிட்டுப் போறியா?"

"இல்லை அண்ணாச்சி. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு சாக்கு, இரண்டு பை. அவ்வளவுதான்."

அண்ணாச்சி கடையிலிருந்து தராசு வாங்கி வந்தார். எடை போட்டார்கள். டிரங்குப் பெட்டி 30 கிலோ. சாக்கு 25 கிலோ. பைகள் ஒவ்வொன்றும் 10 கிலோ. மொத்தம் 75 கிலோ.

"ஸ்லீப்பரில் ஒரு டிக்கெட்டுக்கு 40 கிலோ இலவசம். இரண்டு டிக்கெட்டுக்கு 80 கிலோ. எடை சரிதான்" என்றார் அண்ணாச்சி.

பிறகு டிரங்குப் பெட்டியை அளந்து பார்த்தார். நீளம் 100 சென்டிமீட்டர், அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 25 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். அதற்கு மேல் பெரிய பெட்டியைப் பயணிகள் பெட்டியில் ஏற்றக் கூடாது. லக்கேஜ் ஆபீசில் பதிவு செய்து, சரக்கு வைக்கும் பிரேக் வேனில் அனுப்ப வேண்டும். அதற்கு ரயில் புறப்பட 30 நிமிடத்துக்கு முன்பே டிக்கெட்டுடன் போக வேண்டும்.

செல்லம்மாளின் பெட்டி சின்னதுதான். கவலை இல்லை.

சாக்கில் இருந்தது என்ன?

அண்ணாச்சி சாக்கைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே ஏதோ கனமாக, உருண்டையாக இருந்தது.

"இது என்னம்மா?"

செல்லம்மாள் தயங்கினாள். "சின்ன சிலிண்டர் அண்ணாச்சி. அடுப்பும் இருக்கு. ஊரில் அம்மா இன்னும் விறகு அடுப்பில்தான் ஊதிக்கிட்டு இருக்காங்க. கண் எரியுதுன்னு சொல்றாங்க. ஒரு வருஷமாகக் காசு சேர்த்து வாங்கினேன். வழியில் குழந்தைக்குப் பாலும் காய்ச்சலாம்னு நினைச்சேன்."

அண்ணாச்சி கோபப்படவில்லை. உட்கார்ந்து விளக்கிச் சொன்னார்.

"கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில் படியும். சீட்டுக்கு அடியில் பரவும். ஒரு தீப்பொறி போதும். ஓடும் ரயிலில் காற்று வேகமாக வீசும். தீ சீக்கிரம் பரவும். ஒரு பெட்டியில் எழுபது, எண்பது பேர் இருப்பார்கள். கதவுகளோ நாலுதான். உன் குழந்தையும் அங்கேதானே தூங்கும்?"

செல்லம்மாள் குழந்தையைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

"காலி சிலிண்டரும் கூடாதா அண்ணாச்சி?" என்று முருகன் கேட்டான்.

"கூடாது. ஊரிலேயே கேஸ் கடையில் அம்மா பேரில் வாங்கிக் கொடுங்கள். அடுப்பை மட்டும் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். குழந்தைக்குப் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டு போங்கள். பெரிய நிலையங்களில் பால் கிடைக்கும்."

சிலிண்டரைத் தாராவியிலேயே விற்றார்கள். அந்தப் பணத்தைச் செல்லம்மாள் முந்தானையில் முடிந்து கொண்டாள். அம்மாவின் சிலிண்டருக்கு அது உதவும்.

ரயிலில் கொண்டு போகக் கூடாதவை

கேஸ் சிலிண்டர்
மண்ணெண்ணெய், பெட்ரோல்
எண்ணெய் உள்ள ஸ்டவ்
பட்டாசு, வெடிமருந்து
ஆசிட்

இவற்றைக் கொண்டு போவது 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். அபராதமும் உண்டு. அதனால் ஏற்படும் நஷ்டத்துக்கும் கொண்டு வந்தவரே பொறுப்பு.

சோதனை நமக்காகத்தான்

2006 ஜூலை 11 அன்று மும்பை மின்சார ரயில்களில் 7 குண்டுகள் வெடித்தன. 180-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள்.

அதனால்தான் பல பெரிய நிலையங்களில் பைகளைச் சோதிக்கிறார்கள். இயந்திரத்தில் பையை வைக்கச் சொன்னால் வையுங்கள். திறக்கச் சொன்னால் திறந்து காட்டுங்கள். கொஞ்சம் முன்னதாகவே நிலையத்துக்குப் போனால் அவசரம் இருக்காது.

யாரும் இல்லாத பை கிடந்தால் தொடாதீர்கள். விலகி நில்லுங்கள். ரயில்வே போலீசிடம் சொல்லுங்கள். 139 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். முன்பின் தெரியாதவர் "இந்தப் பையை ஊரில் கொடுத்துவிடுங்கள்" என்றால் வாங்காதீர்கள். அவர் தரும் பிஸ்கட், டீயையும் வாங்க வேண்டாம். மயக்க மருந்து கலந்து கொடுத்துத் திருடுகிறவர்கள் உண்டு.

கையோடு கொண்டு போகும் பொருளுக்கு நாமேதான் காவல். கீழ்ப் படுக்கைக்கு அடியில் வளையம் இருக்கும். சங்கிலி போட்டுப் பூட்டலாம். பணத்தைப் பெட்டியில் வைக்காமல் உடம்போடு வைத்துக் கொள்ளுங்கள். பொருள் திருட்டுப் போனால் பாதி வழியில் இறங்க வேண்டியதில்லை. டிக்கெட் பரிசோதகரிடம் புகார் படிவம் இருக்கும். அவரிடம் கேட்டு எழுதிக் கொடுக்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்த நமக்கு இது முடியும்.

பயிற்சி

1. செல்லம்மாள் சிலிண்டரை ஏன் வாங்கினாள்? அதை ஏன் ரயிலில் கொண்டு போகவில்லை?
2. ஸ்லீப்பர் வகுப்பில் 3 பெரியவர்கள் போகிறார்கள். எத்தனை கிலோ வரை இலவசமாகக் கொண்டு போகலாம்?
3. உங்கள் பக்கத்துச் சீட்டுக்காரர் ஸ்டவ் பற்ற வைக்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்? வகுப்பில் கலந்து பேசுங்கள்.
4. 139 என்ற எண்ணை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள்.