வகுப்பறைக் காற்றுக்கு ஒரு மனு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பாடவேளையில் பாதி வகுப்பு கொட்டாவி விட்டால், பழியைச் சாம்பார் சாதத்தின் மேல் போட்டுவிடுவோம். அது ஏ.சி. அறையாக இருந்தால் சாதத்தை விட்டுவிட்டு அறையைச் சந்தேகப்படுங்கள்.

சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப விடும். கட்டடத்துக்கு வெளியே மாட்டும் பெட்டி வெப்பத்தைத் தள்ளுவதற்குத்தான், காற்றை வாங்குவதற்கு அல்ல. ஜன்னலைச் சாத்திவிட்டால் முதல் பெஞ்சு விட்ட மூச்சைத்தான் கடைசி பெஞ்சு இழுக்கிறது. தமிழ்நாட்டில் 'ஏ.சி. வகுப்பறை' என்று சொல்லிக் கூடுதல் கட்டணம் வாங்கும் பள்ளிகள் உண்டு. கூரையை உயர்த்தி, மேலே வெண்டிலேட்டரும் எதிரெதிரே ஜன்னலும் வைத்துக் கட்டிய பழைய அரசுப் பள்ளி அறையில், கட்டணமே இல்லாமல், அதைவிட நல்ல காற்று ஓடும். இதை நேரே போய்ச் சொன்னால் எந்த நிர்வாகத்துக்கும் பிடிக்காது. ஆகவே எப்படிச் சொல்வது, யாரிடம் எதைக் கேட்பது என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஆசிரியர்களுக்கு. ஒரு பிள்ளை அந்த அறையில் ஓராண்டு உட்காரும். நீங்கள் அதே கட்டடத்தில் பத்து, இருபது ஆண்டு வேலை செய்வீர்கள். வகுப்பறை உங்கள் பணியிடம். அங்கே நல்ல காற்று கேட்பது பிள்ளைகளுக்காகச் செய்யும் தியாகம் மட்டும் அல்ல, உங்கள் தொண்டைக்கும் நுரையீரலுக்குமான கோரிக்கை.

கையில் எண் இல்லாமல் போகாதீர்கள்

"காற்று சரியில்லை சார்" என்று எச்.எம். அறையில் போய் நின்றால், "ஃபேனைக் கூட்டி வச்சுக்கோங்க மேடம்" என்று பதில் வரும். ஃபேன் உள்ளே இருக்கும் காற்றைச் சுழற்றும், அவ்வளவுதான். ஆனால் அந்த வாதத்தில் நீங்கள் ஜெயிக்க மாட்டீர்கள். காற்று கண்ணுக்குத் தெரியாது, அதனால் அவர் அபிப்பிராயமும் உங்கள் அபிப்பிராயமும் சம எடை.

கரியமில வாயு அளக்கும் கையடக்க மானிட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆளுக்கு ஒன்று வேண்டாம், பள்ளிக்கு ஒன்று போதும். வெளிக்காற்றில் அது 420 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) அளவைச் சுற்றிக் காட்டும். அறைக்குள் அந்த எண் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுக்குப் பிறர் விட்ட மூச்சு அங்கே தேங்கியிருக்கிறது என்று பொருள். அந்த அளவில் கரியமில வாயு விஷம் அல்ல. ஆனால் மூச்சு தேங்கும் இடத்தில் சளி, ஃப்ளூ, தட்டம்மைக் கிருமிகளும் தேங்கும். காற்றோட்டம் குறைந்தால் கவனமும் மந்தமாகிறது என்று காட்டும் ஆய்வுகளும் பல உண்டு. 1,000-ஐத் தாண்டக் கூடாது என்று மியூனிக் நகரில் சுகாதார அறிவியலாளர் மாக்ஸ் வான் பெட்டன்கோபர் சொன்னது 1858-இல். இது புதுப் பணக்காரக் கவலை என்று யாராவது சொன்னால் அந்த ஆண்டைச் சொல்லுங்கள்.

மானிட்டரைப் போடும் முன்பே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 அடிக்கு 20 அடி அறை, 10 அடி உயரம். அதில் சுமார் 1,13,000 லிட்டர் காற்று. உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை மணிக்கு ஏறத்தாழ 15 லிட்டர் கரியமில வாயு விடும். 35 பிள்ளைகள் என்றால் 500 லிட்டருக்கு மேல். கதவிடுக்கில் கசியும் காற்றைத் தாராளமாகக் கழித்துவிட்டாலும், சாத்திய அறையில் 40 நிமிடப் பாடவேளை முடிவதற்குள் 2,000 தாண்டிவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே போடக்கூடிய கணக்கு இது. அவர்களையே போட வையுங்கள், அதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

வாங்கும்போது ஏமாறக் கூடாது. மலிவான பல கருவிகளில் கரியமில வாயு சென்சாரே இருக்காது, வேறு வாயுவை மோப்பம் பிடித்து ஊகமாக ஓர் எண்ணைக் காட்டும். 'என்.டி.ஐ.ஆர்.' சென்சார் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் சானிடைசர் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். எண் சட்டென்று எகிறினால் அது போலி, திருப்பி அனுப்புங்கள். வகுப்பில் வைக்கும்போது ஜன்னலோரமும் வேண்டாம், பிள்ளைகளின் மூச்சு நேராகப் படும் மேசையும் வேண்டாம். உட்கார்ந்தவர் தலை உயரத்தில், ஓரமாக ஓர் அலமாரி போதும். ஒரு வாரம், தினமும் ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் எண்ணைக் குறியுங்கள். ஜன்னல் திறந்திருந்ததா, ஏ.சி. ஓடியதா, எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இந்த நான்கு பத்தியுள்ள ஒரு தாள்தான் உங்கள் மனுவின் முதுகெலும்பு.

இங்கிலாந்து தரும் பாடம்

கொரோனா காலத்தில் இங்கிலாந்து அரசு பள்ளிகளுக்கு 3 லட்சம் கரியமில வாயு மானிட்டர் தருவதாக 2021 ஆகஸ்டில் அறிவித்தது. 800-க்குக் கீழே நின்றால் நல்ல காற்றோட்டம், தொடர்ந்து 1,500-க்கு மேல் போனால் ஏதாவது செய்தாக வேண்டும் என்று வழிகாட்டுதலும் வந்தது. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் எண் சிவப்பானால் ஆசிரியர் என்ன செய்வது? ஜனவரிக் குளிரில் ஜன்னலைத் திறப்பதா? 2022 தொடக்கத்தில் காற்றுச் சுத்திகரிப்பான்கள் மேலும் 7,000 தருவதாக அறிவிப்பு வந்தபோது ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன. 3 லட்சம் மானிட்டர் எங்கே, 7,000 கருவி எங்கே?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகள் வேறு விதமாகச் செய்தன. வகுப்பறைகளில் சென்சார் மாட்டி, அளவுகளைப் பொதுமக்கள் யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தன. எந்த அறை மோசம் என்பது பெற்றோருக்கும் தெரிகிறபோது பழுது பார்ப்பதைத் தள்ளிப்போட முடியாது.

ஆகவே அளக்கும் கருவியைக் கேட்கும் அதே கடிதத்தில், எண் ஏறினால் யார், எத்தனை நாளில், எதைச் சரிசெய்வார்கள் என்பதையும் கேளுங்கள். அது இல்லாத மானிட்டர் சுவரில் தொங்கும் இன்னொரு காலண்டர்.

எதைக் கேட்பது

மலிவானதிலிருந்து தொடங்குங்கள். 'ஏர் பியூரிஃபையர் வாங்கித் தாருங்கள்' என்று ஆரம்பித்தால் கொட்டேஷன் மேசையிலேயே கோப்பு தூங்கிவிடும்.

ஆணி அடித்து மூடிய ஜன்னல்களைத் திறக்கச் சொல்லுங்கள். அட்டை வைத்து அடைத்த வெண்டிலேட்டர்களைத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மணி அடித்ததும் எதிரெதிர் ஜன்னல்களையும் கதவையும் ஐந்து நிமிடம் திறந்து வைக்கும் பொறுப்பை வகுப்புத் தலைவரிடம் கொடுங்கள். அது முடியாத அறையில் சுவரில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன், அதற்கு எதிர்ச் சுவரில் காற்று நுழைய ஓர் இடைவெளி. இடைவெளி இல்லாமல் எக்ஸாஸ்ட் மட்டும் ஓடினால் சத்தம்தான் மிச்சம்.

மூன்று மறுப்புகள் நிச்சயம் வரும். கொசு வரும் என்பார்கள். டெங்கு உள்ள ஊரில் அது நியாயமான மறுப்பு, பதில் ஜன்னலுக்குக் கொசுவலை. விடுதி அறைகளில் கொசுவர்த்திச் சுருள் ஏற்றுவது பதில் ஆகாது. ஒரு சுருள் கக்கும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. தெருச் சத்தம் என்பார்கள், தெருவைப் பார்க்காத பக்கத்து ஜன்னலைத் திறக்கலாம். கரண்ட் பில் என்பார்கள். இதற்கு மட்டும் மழுப்பாதீர்கள். ஏ.சி. அறையில் வெளிக்காற்றை விட்டால் பில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அந்த அறைக்குக் கூடுதல் கட்டணம் வாங்கப்படுகிறது என்பதை யாராவது நினைவூட்டினால் போதும். அதையும் பெற்றோர் சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம்.

பள்ளி நெடுஞ்சாலை ஓரத்திலோ தொழிற்சாலைக்குப் பக்கத்திலோ இருந்தால் விஷயம் சிக்கல். ஜன்னலைச் சாத்தினால் மூச்சு தேங்கும், திறந்தால் புகை வரும். அங்கே பி.எம். 2.5 என்னும் நுண்துகளையும் அளக்க வேண்டும். 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 15. இந்த இடத்தில்தான் பியூரிஃபையர் உண்மையில் தேவை. மணிக்கு ஐந்து முறை அறைக் காற்றைச் சுத்தம் செய்வதற்கு ஈடாக வேண்டும் என்றால், நாம் கணக்குப் போட்ட அறைக்கு மணிக்கு 565 கன மீட்டர் சுத்தக் காற்று தரும் திறன் வேண்டும். வீட்டுக்கு வாங்கும் சிறிய கருவி ஒன்று அதற்குக் காணாது. ஃபில்டர் மாற்றும் செலவை முதல் நாளே பட்ஜெட்டில் எழுத வையுங்கள். 'அயனி', 'ஓசோன்' என்று விளம்பரப்படுத்தும் கருவியைப் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் விடாதீர்கள். ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும்.

சில பள்ளிகளில் புகை மதில் சுவருக்கு வெளியிலிருந்தே வரும், குப்பை எரிப்பதால். இதற்குச் சட்டம் உங்கள் பக்கம். திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாயும், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ எழுதும் கடிதத்தில் அந்த உத்தரவைக் குறிப்பிடுங்கள், எரியும் நேரம் தெரியும் புகைப்படத்தை இணையுங்கள். பள்ளியே தன் சருகை எரிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் போவது, வேலையைக் காப்பது எப்படி

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுதான் உங்கள் வாசல். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதும் பொறுப்பும் அவர்களுடையது. 'எக்ஸாஸ்ட் ஃபேன், கொசுவலை' என்று அந்தத் திட்டத்தில் ஒரு வரி ஏறிவிட்டால், பள்ளி மானியத்திலிருந்தோ, 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி' திட்டம் வழியாக முன்னாள் மாணவரிடமிருந்தோ பணம் கேட்க வழி உண்டு. தீர்மானம் ஏறாத கோரிக்கை வட்டாரக் கல்வி அலுவலர் மேசை வரை போகாது. அதற்கும் மேலே திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. ஆனால் அது கடைசிப் படி. முதல் படியிலேயே அங்கே போனால் எச்.எம். உங்கள் எதிரியாகிவிடுவார்.

தனியார் பள்ளியில் பணிப் பாதுகாப்பு குறைவு, நிதானம் இரட்டிப்பாக வேண்டும். மானிட்டரின் படத்தைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. உண்மையைச் சொன்னதற்காக அல்ல, நிர்வாகத்தைத் தெருவில் நிறுத்தியதற்காக உங்கள் மேல் நடவடிக்கை வரும். தனியாகவும் போகாதீர்கள். அறிவியல் ஆசிரியர் ஒருவர், வயதில் மூத்த ஆசிரியர் ஒருவர் கூட வரட்டும். இதில் எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு: தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை 'நம் வகுப்பறைக் காற்று' என்று ஆய்வு செய்ய வையுங்கள். தமிழ்நாட்டில் அந்த மாநாட்டைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்திவந்திருக்கிறது. ஆசிரியர் புகார் செய்தால் முகம் சுளிக்கும் கரஸ்பாண்டன்ட், தன் பள்ளிப் பிள்ளைகள் வரைபடத்தைக் காட்டினால் உட்கார்ந்து கேட்பார். அந்த ஆய்வை வழிநடத்தியது உங்கள் பயோடேட்டாவிலும் ஒரு வரியாக நிற்கும்.

கடிதம் அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இப்படி இருக்கலாம்:

"பொருள்: 8-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு அறையில் காற்றோட்டம் மேம்படுத்தக் கோருதல். ஐயா, மேற்படி அறையில் ஒரு வாரம் அளந்த கரியமில வாயு அளவுகள் இணைப்பில் உள்ளன. ஜன்னல்கள் மூடியிருந்த பாடவேளைகளில் 1,500 பி.பி.எம். அளவைத் தாண்டியுள்ளது. திறந்திருந்த பாடவேளைகளில் 800-க்குள் உள்ளது. எனவே தெற்குப் பக்க ஜன்னல் இரண்டையும் திறக்கும்படி பழுது பார்த்து, கொசுவலை பொருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பணி முடிந்தபின் மீண்டும் அளந்து அறிக்கை தருகிறோம்."

எண்களுக்குப் பதிலாக உங்கள் அறையின் எண்களை எழுதுங்கள். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரியைச் சொன்னபடி செய்யுங்கள். முதல் அறையின் முன்னும் பின்னும் உள்ள எண்களைக் காட்டித்தான் இரண்டாவது அறைக்குக் கேட்க முடியும்.

பெற்றோருக்கு ஒன்று. அட்மிஷனுக்குப் போகும்போது நீச்சல் குளத்தையும் ஸ்மார்ட் போர்டையும் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, "இந்த ஏ.சி. அறைக்கு வெளிக்காற்று எந்த வழியாக வருகிறது சார்?" என்று மட்டும் கேளுங்கள். பத்துப் பெற்றோர் கேட்டுவிட்டால் அடுத்த ஆண்டுக்குள் அந்தப் பள்ளி ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கும்.