ஒரகடத்திலிருந்து துருவ ஒளிக்கு: லீவு கணக்கிலிருந்து தொடங்குங்கள்

ஸ்ரீபெரும்புதூருக்கு ஃபின்லாந்து அந்நிய தேசமல்ல. 2006இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. அதே வளாகத்தில் இன்று செல்பேசி சார்ஜர் செய்யும் சால்காம்பும் ஃபின்லாந்தில் பிறந்த நிறுவனம்தான். அந்நாட்டின் வடகோடியிலும், பக்கத்து நார்வே, ஸ்வீடன் வடக்கிலும் குளிர்கால இரவு வானில் பச்சையாக நெளியும் துருவ ஒளியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் முதலில் டிக்கெட் விலையைத் தேடுகிறார்கள். ஆலையில் வேலை பார்ப்பவர் தொடங்க வேண்டிய இடம் லீவு கணக்கு.

இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் ஈ.எல். (ஈட்டிய விடுப்பு) சேரும், எடுக்காமல் விட்டதில் 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். இந்தப் பயணத்துக்கு வார விடுமுறைகளையும் சேர்த்து ஒன்பது, பத்து நாள் வேண்டும். டிசம்பர் கடைசியில் பராமரிப்புக்காக லைனை நிறுத்தும் ஆலைகள் உண்டு. அந்த ஷட்டவுனிலேயே போய்வந்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். கிறிஸ்துமஸ் தாத்தாவின் ஊர் என்று பேர் வாங்கிய ஃபின்லாந்தின் ரோவானியேமியில் அறை வாடகை எகிறிக் கிடக்கும் நேரம் அது. நார்வேயின் ட்ரோம்சோவிலோ நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடு வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. பிப்ரவரி இரண்டாம், மூன்றாம் வாரம்தான் என் தேர்வு. இரவும் நீளம், ஊர் சுற்றப் பகலும் கிடைக்கும், மார்ச் மாத உற்பத்தி நெருக்கடிக்கு முன்பே திரும்பிவிடலாம். அக்டோபரிலேயே சூப்பர்வைசரிடம் சொல்லி, எச்.ஆர். ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். விசாவுக்கும் அந்தக் கடிதம் வேண்டும்.

“லடாக்கிலேயே தெரிகிறதாமே, அங்கே போனால் ஆகாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. தெரிந்தது உண்மை. 2024 மே 10 இரவு, 4,500 மீட்டர் உயரத்திலுள்ள ஹான்லே வானாய்வகக் கேமராக்களில் சிவப்பு ஒளி பதிவானது. ஆனால் அது 2003க்குப் பிறகு வந்த மிகப் பெரிய சூரியப் புயலின் விளைவு. அப்படிப்பட்ட புயல் வரும் தேதியை எவராலும் மாதக்கணக்கில் முன்கூட்டிச் சொல்ல முடியாது. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலம், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியக் காற்றை அளக்கிறது. அந்த இடத்தைத் தாண்டிய காற்று ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நம்மை எட்டிவிடும் என்பதால், அது தரும் எச்சரிக்கையும் அவ்வளவு நேரத்துக்குத்தான். புயலை நம்பி லீவு போட முடியாது. ஒளி வழக்கமாக வரும் வடக்குக்குத்தான் போக வேண்டும்.

இடங்களில் ஸ்வீடனின் அபிஸ்கோவுக்கு ஒரு வசதி: சுற்றியுள்ள மலைகள் மேகத்தைத் தடுப்பதால் வானம் தெளிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். ஃபின்லாந்தின் இவாலோ, இனாரி பக்கம் இருட்டு நன்றாக இருக்கும், குளிர் மைனஸ் 20, 30 வரை இறங்கும். முதல்முறை போகிற நம்மூர்க்காரருக்கு நான் ட்ரோம்சோவைத்தான் சொல்வேன். கடலின் வெதுவெதுப்பால் அங்கே பிப்ரவரியிலும் குளிர் பெரும்பாலும் மைனஸ் பத்துக்குள் நிற்கும். மேகம் தொல்லைதான். அதற்காகவே தெளிந்த வானத்தைத் தேடி, தேவைப்பட்டால் ஃபின்லாந்து எல்லை வரை ஓட்டிச் செல்லும் வேன் சுற்றுலாக்கள் இருக்கின்றன. நல்ல ஹோட்டலில் இரண்டு இரவைவிடச் சுமாரான அறையில் ஐந்து இரவு மேல். ஒரு இரவு மேகம் மூடினாலும் மறு இரவு கைகொடுக்கும்.

பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்குத் தாம்பரம் சேவா கேந்திரா பக்கம். இந்த மூன்று நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். அதிக இரவு தங்கும் நாட்டுக்கே விண்ணப்பம். கைரேகை, காகிதங்கள் எல்லாம் சென்னை வி.எஃப்.எஸ். விசா விண்ணப்ப மையத்தில். கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி; மறுத்தாலும் பணம் திரும்பாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், லீவு கடிதம் ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். கான்ட்ராக்டர் மூலம் சம்பளம் வாங்குபவர் அந்த கான்ட்ராக்டரிடமே கடிதம் வாங்க வேண்டும், ஆலையிடம் அல்ல. முந்தைய வாரம் கைமாற்று வாங்கிக் கணக்கில் கொட்டிய பணம் சந்தேகத்தைத்தான் கிளப்பும்; ஆறு மாதமாகச் சேர்ந்த சேமிப்புக்கே மதிப்பு. விசா வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பாருங்கள். ட்ரோம்சோவுக்குச் சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. எங்கே மாறினாலும் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். பனியால் ஒன்று தாமதமாகி அடுத்தது தவறினால், மாற்றுவழி பார்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பாகிவிடும்.

துணியில் பருத்தியைத் தவிருங்கள். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும். உடம்பை ஒட்டிக் கம்பளி தெர்மல், மேலே ஃப்லீஸ், அதற்கு மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். கனமான வெளியுடையையும் பூட்ஸையும் பல வேன் சுற்றுலாக்காரர்களே தருவார்கள், முன்பதிவின்போதே கேளுங்கள். ஆலையில் போடும் சேஃப்டி ஷூவை எடுத்துப் போக நினைக்க வேண்டாம். முனையிலுள்ள இரும்பு கால்விரல்களை விறைக்க வைத்துவிடும்.

சுங்குவார்சத்திரத்தில் தயாரான ஐபோனானாலும் உறைகுளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். எடுக்காத நேரத்தில் உள்சட்டைப் பையில் வையுங்கள். சிறிய ட்ரைபாடில் நிறுத்தி, நைட் மோடில் சில நொடிகள் திறந்து வைத்தால் படம் வரும். மங்கலான ஒளி கண்ணுக்கு வெளிர்சாம்பல் மேகம்போலத்தான் தெரியும், கேமராதான் பச்சையைக் காட்டும். ஐயம் வந்தால் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். துருவ ஒளிச் செயலிகள் காட்டும் கே.பி. எண் (புவிகாந்தக் கலக்கத்தின் அளவு) குறைவாக இருப்பதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ட்ரோம்சோவில் இரண்டு இருந்தாலே போதும். அதைவிட முக்கியம் நார்வே வானிலை நிறுவனத்தின் மேகக் கணிப்பு.

துருவ ஒளி அதிகம் வருவது அங்கே இரவு ஒன்பது முதல் இரண்டு மணிக்குள். இந்திய நேரப்படி அது நள்ளிரவு ஒன்றரை முதல் காலை ஆறரை வரை. பகல் ஷிஃப்ட்டிலிருந்து நேராகப் போகிறவர் வேனிலேயே தூங்கிவிடுவார். எனவே கிளம்புவதற்கு முந்தைய வாரம் யாராவது நைட் ஷிஃப்ட்டை மாற்றிக்கொள்ளக் கேட்டால், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.